கண்ணுச்சாமியின் காது

டார்லிங்டன், இங்கிலாந்து
2.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மொழி எழுதுவது. வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் என் சோலியைப் பார்த்துக்கொண்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறேன். நீங்களும் மாத்திரையை ஒளித்து வைக்காமல் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

செழியன் கல்லூரிக்கு அபர்டீன் போய் ஆறு மாதம் ஆகிறது. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அம்மாவை ஞாயிற்றுக்கிழமை நாலு நிமிடம் நினைத்தால் போதும். அவன் அப்பா வேறு வீடு பார்த்துப் போனது உங்களுக்குத் தெரியும். ஆக, நான் ஒருத்திதான். ஒரு டம்ளர் அரிசி போட்டால் மூன்று வேளைக்கு வருகிறது.

உங்களுக்குக் காது முழுதாகப் போனதிலிருந்து போனில் பேச்சில்லை. வீடியோவில் வந்தால், "மீன் தொட்டியப் பாத்த மாதிரி இருக்கு, வாயத் தொறந்து தொறந்து மூடுற" என்று சொல்லிவிட்டீர்கள். போனை நீங்கள் அரிசி டிரம்மில் போட்டு வைத்திருப்பதாகப் பக்கத்து வீட்டு சுஜாதா அக்கா சொல்கிறார். அதனால்தான் கடிதம். இங்கே தபாலாபீசில் இருக்கிற பெண்ணுக்கு இப்போது போடி என்ற பெயர் மனப்பாடம்.

விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் உங்களுக்கு எண்பது முடிகிறது. வேட்டி சட்டை வாங்கவில்லை. கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறேன். புதுசு இல்லை அப்பா. அதே பழைய ஸ்பெக்ட்ரம். கறுப்புப் பெட்டி, ரப்பர் பட்டன்கள், ஓரத்தில் வானவில் பட்டை. சித்தப்பா கப்பலில் வேலை பார்த்தபோது வாங்கி வந்து கொடுத்தாரே, அதே. பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெரியவர் பரண் மேல் முப்பது வருடம் வைத்திருந்தார். விற்பதற்கு முன்னால் ஓடுகிறதா என்று காட்ட, கேசட்டைப் போட்டு ஓட விட்டார். அந்தக் கீச்சுச் சத்தம் வந்ததும் அவர் அடுப்படியிலேயே நின்று அழுதுவிட்டேன். மனுசன் பயந்துபோய் டீ போட்டுக் கொடுத்தார்.

டேப் ரிக்கார்டரும் ஐந்து கேசட்டும் சேர்த்து, மூன்று துண்டில் சுற்றி நானே கட்டி அனுப்பியிருக்கிறேன்.

அப்பா, அந்தப் பழைய பெட்டியைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது முதலில் வந்து சேரட்டும்.

உங்கள்
மொழி


போடி
24.3.2025

ஆத்தா மொழிக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. எழுத்து ஏன் இத்தனை சிறிசு? தாள் அங்கே அவ்வளவு பஞ்சமா? சுஜாதாவின் பூதக்கண்ணாடியை வாங்கித்தான் வாசித்தேன்.

எண்பது என்று உனக்கு யார் சொன்னது? பள்ளிக்கூடச் சான்றிதழ்படி எழுபத்தொன்பதுதான். இருந்தாலும் பெட்டி வரட்டும். வயதைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்வோம்.

இங்கே வெயில் ஏறிவிட்டது. ரயில் மறுபடி ஊருக்கு வந்து ஒன்றே முக்கால் வருடம் ஆகிறது, நான் அது வந்ததை இன்னும் கேட்கவில்லை. கால் ஒத்துழைக்காமல் குரங்கணி ஏலத்தோட்டத்தை விற்ற பிறகு மலைப்பக்கம் போகவும் சோலி இல்லை. காலையில் ஜீப்பு நிற்கிற இடம் வரை நடப்பேன். முன்பெல்லாம் டிரைவர்கள் "ஏறுறீகளாண்ணே" என்பார்கள். இப்போதும் சொல்வார்களாக இருக்கும். நான் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன். சுஜாதா சாப்பாடு கொண்டுவந்து வைக்கும்போது ஏதோ சொல்லும். அதற்கும் தலையாட்டுகிறேன். ஒருநாள் என்னவென்று தெரியாமல் ஆட்டி, இரண்டு நாள் பாகற்காய்க் குழம்பு சாப்பிட்டேன்.

பழைய பெட்டியைப் பற்றி நீ என்ன சொல்லப் போகிறாய்? எல்லாருக்கும் தெரிந்த கதைதானே. கண்ணுச்சாமி அதை ஸ்டோருக்குள் வைத்து அவித்தான். அவ்வளவுதான்.

நீ அப்போது சின்னப் பிள்ளை, எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ. பச்சை ஏலக்காயைத் தட்டில் பரப்பிக் காயவைக்கும் அந்த ஸ்டோர் அறையில் நெருப்பு அவன் பொறுப்பு. காய் நிறம் மாறாமல் காய வேண்டும் என்றால் அவன் கை வேண்டும். அத்தோடு, காலை ஏழு மணிக்கு மழைமானியைப் பார்த்து வந்து எனக்குச் சொல்வான். நான் பெட்டியில் ஏற்றுவேன். மூன்று வருட மழை அந்தக் கேசட்டில் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாது அவனுக்கு. ஆனால் கேசட்டில் பதிந்தது கீச்சுச் சத்தமாகப் பாடித்தான் பெட்டிக்குள் ஏறும்; அது பாடும்போது திருப்புளியை எடுத்து, ரிக்கார்டரில் கேசட்டை வாசிக்கிற தலையின் திருகாணியை இம்மி இம்மியாகத் திருப்புவான். சத்தம் கூர்மையாகிற இடத்தில் நிறுத்தி, "ஏறிருச்சுண்ணே" என்பான். ஏறியிருக்கும். ஒருநாள்கூடத் தப்பியதில்லை. எனக்கு அந்த வயதில் நல்ல காது இருந்தும் அது பிடிபடவில்லை.

அப்படிப்பட்டவன், எண்பத்தொன்பது தீபாவளிக்கு முன்னால் ஒருநாள், காய் வெளுக்கிறது, நீங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று சண்டைக்கு வந்தான். "இந்தப் பொட்டியத் தூக்கி அடுப்புல வச்சாத்தான் நீங்க திரும்பிப் பாப்பீக" என்றான். நான் இரண்டு நாள் போடிக்கு இறங்கிவிட்டு வந்து பார்த்தால், வைத்திருந்தான்.

மலையாளத்துப் பக்கம் எஸ்டேட்டுகளில் இருந்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு வருடமாக ராசிங்காபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறானாம். மாதம் ஒருமுறை தேவாரத்துக்குக் கண் காட்டப் போகிறேன். பஸ்சு ராசிங்காபுரத்தில் நிற்கும். நான் அந்தப் பக்க ஜன்னலில் உட்காருவதில்லை. தப்புதாண்ணே என்று ஒரு வார்த்தை வந்து சொல்லட்டும். முப்பத்தாறு வருடமாக அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருக்கிறேன். சொன்னால் இன்றைக்கும் சரி என்று விட்டுவிடுவேன்.

வேளைக்குச் சாப்பிடு. ஒரு டம்ளர் அரிசியை அரை டம்ளராக்கு, சூடாகச் சாப்பிடலாம்.

இப்படிக்கு
பாண்டியராஜன்


டார்லிங்டன்
15.4.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறேன். இப்போது பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பார்சல் சென்னை வந்துவிட்டதாகக் காட்டுகிறது. பிளக் இந்த ஊர்ச் சதுர முள், நம் சுவரில் இறங்காது. அதற்கு மாட்டுகிற துண்டு ஒன்றை வெள்ளைக் கவரில் போட்டிருக்கிறேன், தூக்கி எறிந்துவிடாதீர்கள். டிவியின் ஆண்டெனா துளையில் பெட்டியின் வயர் போக வேண்டும். முடியாவிட்டால் டிவி மெக்கானிக் முத்துக்கிருஷ்ணனைக் கூப்பிடுங்கள். நீங்களே திருப்புளியோடு உட்கார்ந்து மொத்தத்தையும் கழற்றிவிட வேண்டாம்.

கண்ணுச்சாமி மாமாவைப் பற்றி அப்படி எழுதாதீர்கள் அப்பா. ராசிங்காபுரத்தில் இருக்கிறார் என்று வாசித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் அவரை எங்கேயோ போய்விட்டார், இனிமேல் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பயமாக இருக்கிறது. எனக்கு என்று இந்த உலகத்தில் கடிதம் எழுதுகிற ஆள் நீங்கள் ஒருவர்தான்.

பெட்டி வந்ததும் எழுதுங்கள்.

மொழி


போடி
20.5.2025

ஆத்தா மொழிக்கு,

வந்துவிட்டது! அட்டைப்பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது, உள்ளே ஒன்றும் ஆகவில்லை. மூன்று துண்டில் நல்லதாக ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். சுஜாதா பார்த்துவிட்டு என்ன கேட்டதோ, "என் மக அனுப்புன கம்ப்யூட்டர்" என்று சொன்னேன். அது பட்டன்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது, நம்பவில்லை.

முத்துக்கிருஷ்ணன் வந்து டிவியில் சேனல் தேடிக் கொடுத்தான். வெள்ளைத் திரை, கீழே ஒரு வரி எழுத்து. கேசட்டைப் போட்டேன். திரை ஓரத்தில் கோடுகள் ஓடின. சிவப்பும் வெளிர்நீலமும். அப்புறம் நீலமும் மஞ்சளும். எனக்குத் தெரியவே தெரியாது ஆத்தா. நம் தோட்டத்து வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளை டிவி. மூன்று வருடம் அந்தக் கோடுகளைச் சாம்பலாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை உடனே சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். முத்துக்கிருஷ்ணன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யாரிடம் சொல்லத் திரும்பினேன் என்று உனக்கே தெரியும்.

ஆனால் ஏறவில்லை. நாலு நிமிடம் கோடு ஓடுகிறது, முடிகிற நேரத்தில் கேசட் பிழை என்று ஒரு வரி வந்து நின்றுவிடுகிறது. ஐந்து கேசட்டும் அப்படித்தான். ரிக்கார்டரின் தலை ஒரு மயிரிழை சாய்ந்திருக்கிறது, வழியில் அடிபட்டிருக்கும். திருகாணியைத் திருப்பச் சொல்லி முத்துக்கிருஷ்ணனிடம் கேட்டேன். தாளில் எழுதிக் காட்டினான்: "எல்லாம் ஒரே கொசுச் சத்தமாத்தான் இருக்கு சார்." அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நான் ரிக்கார்டரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அதிர்வு தெரிகிறது, கூர்மை தெரியவில்லை. பதினேழு நாள் முயற்சி செய்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை தேவாரம் பஸ்சில் போனேன். தெரிந்தே அந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தேன். ராசிங்காபுரத்தில் எழுந்தேவிட்டேன். கண்டக்டர் ஏதோ சொன்னான், இறங்குங்கள் என்றுதான் சொல்லியிருப்பான். தப்புச் செய்தவன் அவன், வீடு தேடி நான் ஏன் போக வேண்டும் என்று மறுபடி உட்கார்ந்துகொண்டேன். தேவாரம் வரை என்னையே திட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போதும் அப்படியே.

ஒரே ஒரு வார்த்தை வந்து சொன்னால் என்ன குறைந்துவிடுவான்? நானும் எத்தனை நாள் இருக்கப் போகிறேன்.

நீ ஏதோ சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்று இழுக்கிறாய். சொல்லித் தொலை. நான் என்ன உன்னை அடிக்கவா போகிறேன்.

அப்பா


டார்லிங்டன்
8.6.2025

அப்பா,

இதை உட்கார்ந்து வாசியுங்கள்.

பெட்டியை ஸ்டோருக்குள் வைத்தது நான்.

அந்த வருடம் தீபாவளி லீவுக்கு நான் தோட்டத்துக்கு வந்திருந்தேன். விடாமல் ஐந்து நாள் மழை. பெட்டியில் பாதிப் பட்டன்கள் வேலை செய்யவில்லை. நீங்கள் "ஈரம் ஏறிருச்சு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்து, என்னைக் கண்ணுச்சாமி மாமா குடும்பத்திடம் விட்டுவிட்டு, இரண்டு நாள் கீழே போனீர்கள். நீங்கள் வருவதற்குள் சரிசெய்து வைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். எனக்குப் பதினொரு வயது. ஈரமாக ஸ்டோருக்குள் போனது எதுவும் ஈரமாக வெளியே வந்து நான் பார்த்ததில்லை. பச்சைக் காய் மறுநாள் கலகலவென்று வரும். தோட்டத்து ஆட்கள் நனைந்த துணியை அங்கேதான் போடுவார்கள். பெட்டியையும் கேசட்டுகளையும் துண்டில் சுற்றி, சீக்கிரம் காயட்டும் என்று சூட்டுக் குழாயை ஒட்டிய அடித்தட்டில் வைத்தேன். கண்ணுச்சாமி மாமா வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தார். "என்ன பாப்பா அது?" என்று கேட்டார். துணி என்று சொன்னேன்.

மறுநாள் போய்த் துண்டைப் பிரித்தேன். பட்டன்கள் உருகி ஒட்டியிருந்தன. கேசட் எல்லாம் அப்பளம்போல் வளைந்திருந்தது. மறுபடி துண்டைச் சுற்றி மேசை மேல் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

நீங்கள் வந்து பிரித்தீர்கள். முந்தின வாரம் அவர் சண்டையில் சொன்னது உங்களுக்கு ஞாபகம் வந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். "ஜீப்பு நிக்குது. பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிட்டு ஏறு. இனி இந்தப் பக்கம் வராத" என்றீர்கள். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். அவர் சொல்லிவிடுவார் என்று நான் நினைத்தேன். அவர் சொல்லவில்லை. நாளைக்கு நான் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அப்புறம் பெரிய பரீட்சை, அப்புறம் கல்லூரி, அப்புறம் கல்யாணம். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அந்தப் பெட்டியை வாங்கி அனுப்பினால் பாதி கழிந்துவிடும் என்று நினைத்தேன். உங்கள் போன கடிதத்தை வாசித்ததும்தான் தெரிந்தது, நீங்கள் இத்தனை வருடம் தேடியது பெட்டியை இல்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள். ஆனால் எழுதுங்கள்.

மொழி


டார்லிங்டன்
20.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

என் கடிதம் ஜூன் கடைசியிலேயே உங்கள் கைக்கு வந்துவிட்டதாக சுஜாதா அக்கா சொன்னார். வாசித்தீர்களாம், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்களாம், சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்களாம். மறுநாளிலிருந்து சாப்பிடுகிறீர்களாம். ஆனால் தபாலாபீஸ் பக்கம் போகவில்லையாம்.

தினமும் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்ததும் கீழே பார்க்கிறேன். மின்சார பில்லும் பீட்சா கடை நோட்டீசும் கிடக்கின்றன.

செழியனிடம் சொன்னேன். "நீங்க சின்னப் பிள்ளைதானம்மா" என்றான். சமாதானம் சொல்கிறான். பதினொரு வயதில் சின்னப் பிள்ளை, சரி. முப்பதில்? நாற்பதில்? அதை அவனிடம் கேட்கவில்லை.

பொங்கலுக்கு மூன்று வாரம் லீவு கேட்டிருக்கிறேன். நேரில் வந்து உங்கள் காலில் விழுகிறேன். டிக்கெட் போடவா என்று மட்டும் சொல்லுங்கள்.

மொழி


போடி
17.8.2025

மொழிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். இப்போது எழுதுவதற்கு விஷயம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

உன் ஜூன் கடிதம் வந்து ஒரு வாரம் நான் வெளியே போகவில்லை. அப்புறம் ஒரு திங்கட்கிழமை பஸ்சு ஏறி ராசிங்காபுரத்தில் இறங்கினேன். டீக்கடையில் கண்ணுச்சாமி வீடு எது என்று கேட்டேன். கத்திக் கேட்டேன்போல, ரோட்டில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்.

வேம்புக்குக் கீழே கட்டிலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தான். இளைத்துவிட்டான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் கட்டிலில் ஒரு ஓரமாக நகர்ந்து இடம் விட்டான். உட்கார்ந்தேன். பேச ஆரம்பித்தான். நிறையப் பேசினான் மொழி. கையை மலைப்பக்கம் காட்டிக் காட்டி, இடையில் சிரித்து, ஒருதரம் கண்ணைத் துடைத்து, கால் மணி நேரம் இருக்கும். ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை. அவன் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குக் காது போனது அவனுக்குத் தெரியாது. நான் கோபத்தில் பதில் சொல்லாமல் இருக்கிறேன் என்று நினைத்திருப்பான்.

காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினேன். அவன் கை மொச்சையோடு அப்படியே நின்றது.

அவனுக்கு எழுதத் தெரியாது. எனக்குக் கேட்காது. இதை நீ நன்றாக யோசித்துப் பார்.

அவன் மகள் சிவரஞ்சனி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறது. அது வெளியே வந்ததும், நான் சொன்னேன்: "தெரிஞ்சுபோச்சு கண்ணு. பிள்ளை எழுதியிருச்சு. தப்பு எம்மேலதான்." அவன் ஏதோ சொன்னான். மகளிடம், காலண்டர் தேதித்தாள் ஒன்றைக் கொண்டுவந்து அவன் சொன்னதை அதன் பின்பக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். சிவரஞ்சனி எழுதிக் கொடுத்தது இது, அப்படியே எழுதுகிறேன்:

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேண்ணே. நீங்க கேக்கல. போன்னுதான் சொன்னீக."

நான் கேட்கவில்லை, அது உண்மை. அவன் சண்டையில் சொன்ன ஒரு பேச்சை வைத்துக்கொண்டு, நீயா செய்தாய் என்று ஒரு கேள்வி கேட்காமல் குடும்பத்தோடு ஜீப்பில் ஏற்றிவிட்டேன். அவன் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முப்பத்தாறு வருடம் காத்திருந்து, ஜன்னல் மாறி உட்கார்ந்திருக்கிறேன். என் பங்கு அது. உன் தலையில் நான் கட்டப் போவதில்லை.

இரண்டாவதாக ஒன்று சொன்னான். சிவரஞ்சனி எழுத யோசித்தது. எழுது என்றேன். இதை உனக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று நானும் ஒரு மாதம் யோசித்தேன். உனக்குத் தெரிய வேண்டும்.

"பாப்பா வந்து சொல்லும்னு ஜீப்பு வளைவு திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டே போனேன்."

அதற்கு அடுத்த வாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி போனேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டான். சிவரஞ்சனி வீட்டு டிவியில் மாட்டினோம். கண்ணுச்சாமிக்குக் கை நடுங்குகிறது, திருப்புளி நிற்காது. அதனால் திருப்புளியை நான் பிடித்தேன். அவன் ரிக்கார்டர் பக்கம் தலையைச் சாய்த்து, என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டான். திருப்பு என்றால் ஒரு விரல், நிறுத்து என்றால் உள்ளங்கை. மூன்றாவது தடவை உள்ளங்கையால் அழுத்தினான். நிறுத்தினேன். அவன் உதடு அசைந்தது. ஏறிருச்சுண்ணே என்றுதான். அதை எனக்கு யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

ஏறியது. திரையில் என்ன வந்தது என்று நான் பார்க்கவில்லை. கோடுகள் கலராக இருப்பதை அவனுக்குக் காட்டினேன். அவன் சொன்னதைச் சிவரஞ்சனி சிரித்துக்கொண்டே எழுதியது: "அப்பவும் கலராத்தான் ஓடியிருக்கும், நம்ம டிவிதான் சரியில்ல."

பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமைதோறும் போகிறேன். சிவரஞ்சனி வேலைக்குப் போனபிறகு எழுதிக் கொடுக்க ஆளில்லை. இரண்டு பேரும் மொச்சை உரிக்கிறோம். அவன் பேசுவான், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் என்ன பேசுகிறான் என்று தெரிந்துகொள்ள எனக்கு எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா?

இப்போது உன் விஷயம். உன் மேல் கோபமாக இருக்கிறேன். பெட்டி வெந்ததற்கு இல்லை. பதினொரு வயதில் நீ சொல்லாமல் போனதற்கும் இல்லை. எனக்கு எழுபத்து நாலு வயது வரை காது நன்றாகத்தான் இருந்தது. உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் பேச்சுக்கு ஆளில்லாமல் ரேடியோவோடு பேசிக்கொண்டிருந்தேன். அப்போதாவது நீ சொல்லியிருக்கலாம். எட்டு மைல் தூரத்தில் எனக்கு ஒரு ஆள் இருந்தான் மொழி.

பொங்கலுக்கு டிக்கெட் போடாதே. நீ வந்து வாசலில் நின்றால் உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் மறந்துவிடும். என்னை எனக்குத் தெரியும். அந்த மனுசனுக்காக நான் கொஞ்ச நாளாவது கோபமாக இருக்க வேண்டும். இத்தனை வருடம் அவன் மேல் இருந்தேனே.

எனக்கு எழுதுவதற்கு முன்னால் அவனுக்கு எழுது. சிவரஞ்சனி வாசித்துக் காட்டும். எனக்கு எழுதியதுபோல் சுற்றி வளைக்காமல் முதல் வரியிலேயே சொல்லு. அவன் வரச் சொன்னால் வா.

குளிருக்கு அடக்கமாகப் போர்த்திக்கொண்டு தூங்கு. விலாசம் கீழே எழுதியிருக்கிறேன்.

அப்பா

கண்ணுச்சாமி
சிவரஞ்சனி வீடு
அங்கன்வாடிக்கு எதிர்ப்புறம்
ராசிங்காபுரம், போடி வழி